செத்தவர் மேல் எழுதும் பழி

திருமுல்லைவாயலில் வீடு கட்டி வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. காலை நடைக்கு ரயில் பாதையை ஒட்டிய தெருவில்தான் போவேன். ஏறக்குறைய அதே நேரத்துக்கு ஒரு கீமேனும் வருவார். ஆரஞ்சு நிற மேல்சட்டை, தோளில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியல், முதுகில் பை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு இடத்தில் நிற்பார், இரண்டு தட்டுத் தட்டுவார், மறுபடி நடப்பார். முதலில் தலையசைப்போடு இருந்த பழக்கம் இப்போது இரண்டு வார்த்தை பேசுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "இந்த வேலைல எதுக்கு தம்பி ரொம்ப பயம்? பாம்பா, மழையா?"

"அதெல்லாம் பரவால்ல சார். ஒரு வண்டி போகும்போது இன்னொரு வண்டி வரும் பாருங்க, அதுக்குத்தான் பயம். சத்தம் கேக்கவே கேக்காது" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு, அவர் போய் ஐம்பது வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பையன் பதில் சொல்லிவிட்டுப் போகிறான்.

என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயில் கேங்மேன். எந்தக் கம்பெனி, எந்தப் பாதை என்று நான் எழுதப் போவதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு முடிவுக்காக இன்று யாரையும் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. 1927ல் அவர் இறந்தபோது அப்பாவுக்கு ஐந்து வயது. போட்டோ கிடையாது. அவர் எப்படி இருப்பார் என்று எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் பாட்டி சொன்னதுதான். மாதச் சம்பளம் பன்னிரண்டு ரூபாய். ஒரு கேங்குக்குச் சில மைல் பாதை பொறுப்பு. மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கீழே கீமேன், மற்ற ஆட்கள். ஜல்லியைக் கிளறிக் கட்டைக்கு அடியில் அடைப்பது, தேய்ந்த கட்டையை மாற்றுவது, வளைவில் தண்டவாளத்தை நெம்பி நேராக்குவது, இதெல்லாம் கேங்கின் வேலை. அந்தக் காலத்தில் பல பாதைகளில் தண்டவாளத்தை அதன் இரும்பு இருக்கையில் மர ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். அந்த ஆப்புக்குத்தான் 'கீ' என்று பெயர். வெயிலில் மரம் சுருங்கும், ஆப்பு தளரும். தினம் ஒருவர் நடந்து போய்த் தட்டி இறுக்க வேண்டும். அவர்தான் கீமேன். ஆப்பு போய் இரும்புக் கிளிப் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து. மூன்று நிறக் கண்ணாடி போட்ட கைவிளக்கு, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, தண்டவாளத்தின் மேல் கட்டி வைக்கிற வெடி. அதை நம் ஆட்கள் பட்டாசு என்றே சொல்வார்கள். பாதையில் ஆபத்து என்றால் வண்டி வரும் திசையில் ஓடிப்போய் அதை வைக்க வேண்டும். இன்றைக்கும் அதே முறைதான். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வண்டியின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். ராத்திரியில், கொட்டுகிற மழையில், ஜல்லிக் கல்லின் மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

தாத்தா இறந்தது ராத்திரியில் இல்லை, மழையிலும் இல்லை. நல்ல பகல். இரட்டைப் பாதை. ஒரு பாதையில் கூட்ஸ் வண்டி வர, மற்றப் பாதைக்கு ஒதுங்கியிருக்கிறார். அதில் எதிர்த் திசையிலிருந்து வண்டி வந்திருக்கிறது. அவ்வளவுதான். வண்டி வரும்போது பாதையை விட்டு முழுவதும் வெளியே போய் நிற்க வேண்டும், அடுத்த பாதையில் நிற்கக் கூடாது என்பது விதி. விதியை மீறினார் என்று எழுதிவிட்டார்கள். கூடவே, காது மந்தமாக இருந்திருக்கலாம் என்றும் ஒரு பேச்சு. குடும்பத்துக்குச் சட்டப்படி எதுவும் வரவில்லை. கேங் ஆட்கள் தங்களுக்குள் காசு போட்டுக் காரியத்தை நடத்தினார்கள். பாட்டி இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து, களை எடுத்தும் இட்லி விற்றும் அவர்களை ஆளாக்கினார்.

பாட்டி இதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் தாத்தா பேச்சு வந்தால் ஒரே ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "அவருக்குக் காது நல்லாக் கேக்கும்டா. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டே யாருன்னு சொல்லிடுவாரு." சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. செத்துப்போனவருக்குக் காது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? அது பாட்டியின் வாதம் என்பதும், கேட்க ஆளில்லாத ஒரு விசாரணையில் அவர் நாற்பது வருஷமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று.

சட்டத்தைப் பிற்பாடு நானே எடுத்துப் படித்தேன். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் வேலையில் செத்தவரின் குடும்பத்துக்குக் கம்பெனியாகப் பார்த்து ஏதாவது கொடுத்தால்தான் உண்டு. புதுச் சட்டப்படி, வயது வந்த தொழிலாளி இறந்தால் முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. பன்னிரண்டு ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் 360 ரூபாய். ஒரு உயிருக்கு 360 ரூபாயா என்று இன்று கேட்கத் தோன்றும். இட்லி விற்ற பாட்டிக்கு அது இரண்டரை வருஷச் சோறு.

அந்த 360 ரூபாய் ஏன் வரவில்லை? சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகப் போட்ட விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புச் சாதனத்தைத் தானே அகற்றியிருந்தாலோ, அதனால் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. காயம்பட்டவருக்கும் இதே விதி, செத்தவருக்கும் இதே விதி. காயம்பட்டவராவது, "நான் மீறவில்லை, நடந்தது இது" என்று வாய் திறந்து சொல்லலாம். செத்தவர் எழுந்து வந்தா சொல்வார்?

இந்த அநியாயம் சட்டம் செய்தவர்களுக்கே பிறகு தெரிந்தது. 1929ல் ஜே.எச். விட்லி தலைமையில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் அமைத்தார்கள். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அதில் ஒரு உறுப்பினர். தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியும் இருந்தார். 1931ல் அறிக்கை வந்தது. 1933ல் சட்டத்தைத் திருத்தினார்கள். காயத்தால் மரணம் நேர்ந்தால் அந்த விலக்கு செல்லாது, விதியை மீறினார் என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்க முடியாது என்று ஆயிற்று. என் தாத்தா ஆறு வருஷம் முன்னால் செத்துவிட்டார். அதைப் பற்றி இனி வருத்தப்பட ஒன்றுமில்லை. சட்டம் 1933லேயே விட்டுவிட்ட ஒரு பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பேப்பரில் மூலையில் வருகிற சின்னச் செய்திகளைப் பாருங்கள். தண்டவாளப் பராமரிப்பில் ஈடுபட்டிருந்த ஊழியர் ரயில் மோதிப் பலி. அதற்கு அடுத்த வரியிலேயே, ரயில் வருவதைக் கவனிக்காததால் என்று இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் எப்படித் தெரிந்தது? யாரைக் கேட்டார்கள்? எத்தனை பேர் போக வேண்டிய வேலைக்கு எத்தனை பேர் போனார்கள்? வண்டி வருவதைப் பார்த்து விசில் ஊதத் தனியாக ஒரு ஆள் நிறுத்தப்பட்டிருந்தாரா? இது எதுவும் செய்தியில் இருக்காது. கவனக்குறைவு என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் கேஸி ஜோன்ஸ் என்று ஒரு ரயில் டிரைவர் இருந்தார். அவரைப் பற்றிய பாட்டு உலகப் பிரசித்தம். 1900ஆம் வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி அதிகாலை, மிசிசிப்பி மாநிலத்தில் வான் என்ற சின்ன ஊரில் அவர் இறந்தார். அன்று அது அவருடைய முறையே இல்லை. உடம்பு சரியில்லாத இன்னொரு டிரைவருக்குப் பதிலாக, தாமதமாகக் கிளம்பிய வண்டியை எடுத்துக்கொண்டு, நேரத்தைப் பிடிக்க விரட்டி வந்தார். முன்னால் நின்ற கூட்ஸின் கடைசிப் பெட்டிகள் மெயின் லைனில் நீட்டிக்கொண்டிருந்தன. உதவியாளர் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டு, தான் பிரேக்கை விடாமல் நின்றார். பயணிகளில் ஒருவரும் சாகவில்லை. செத்தது ஜோன்ஸ் ஒருவர்தான்.

விசாரணை அறிக்கை என்ன சொன்னது? கொடி சிக்னலை மதிக்காததால் விபத்துக்கு முழுப் பொறுப்பும் ஜோன்ஸ் ஒருவரே என்றது. குதித்துப் பிழைத்த சிம் வெப் 1957 வரை உயிரோடு இருந்தார். கொடிக்காரரை நாங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. ஜோன்ஸ் வேகமாகப் போனது உண்மை. முன்பும் விதி மீறலுக்காக சஸ்பெண்ட் ஆனவர்தான். ஆனால் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நெருக்கியது யார், ஒரு முறை முடித்து வந்த மனிதரை அதே ராத்திரி மறுபடி ஏற்றியது யார் என்ற கேள்விகள் அந்த ஒற்றை வாக்கியத்தில் காணாமல் போகின்றன.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு, அதுவும் நம் தமிழ்நாட்டு விபத்துக்காக. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்தார். அவர் போய்ப் பாலத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி ஆள் மேல் பொறுப்பைத் தள்ளிவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பிக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அந்த ராஜினாமாவை நாம் இன்னும் பேசுகிறோம் என்றாலே, அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிகிறது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னோடு ஆவடி வரை நடப்பார். இதையெல்லாம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நீங்க கதை எழுதுறீங்க. எத்தனை பேர் காதுல போன் வெச்சுக்கிட்டு லைன்ல நடக்கிறான் தெரியுமா? விதி இருக்கு, அதை மீறினா யார் என்ன செய்ய முடியும்?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கவனக்குறைவு என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்லவில்லை. மனிதன் என்றால் கவனம் தவறும். எட்டு மணி நேரம் ஜல்லியில் நடப்பவனுக்கு ஒரு நிமிஷம் தவறும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி வினாடிக்கு முப்பது மீட்டர் ஓடிவிடும். ஒரு நிமிஷம் எல்லாருக்கும் தவறும் என்று தெரிந்துதான் ஆள் போட வேண்டும், கருவி கொடுக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்த ஒரு விஷயத்தைச் செத்தவன் மேல் குற்றமாக எழுதுவது எப்படிச் சரியாகும்?

அந்தக் காலத்திலும் இது தெரியாததல்ல. 1930ல் ரயில்வே ஊழியர்களின் வேலை நேரத்துக்குச் சட்டம் வந்தது. தொடர்ந்து வேலை இருப்பவர்களுக்கு வாரம் 60 மணி நேரம், விட்டுவிட்டு வேலை வருபவர்களுக்கு 84 மணி நேரம். ஏழு நாளும் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தால்தான் 84 வரும். அதுதான் சீர்திருத்தம்! அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எவ்வளவோ முன்னேற்றம். 2012ல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு அறிக்கை கொடுத்தது. 2007-08 தொடங்கி 2011 அக்டோபர் வரை பணியில் இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர் என்று அதில் இருக்கிறது. வருஷத்துக்கு முந்நூறுக்கும் மேல். பாதையில் வேலை செய்பவருக்கு வண்டி வருவதை முன்கூட்டி எச்சரிக்க 'ரக்ஷக்' என்ற கருவி வந்திருக்கிறது. கீமேன் எங்கே நடக்கிறார் என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் வந்திருக்கிறது. வண்டி எங்கே என்று அவருக்குச் சொல்வது முதல் கருவி. அவர் எங்கே என்று மேலதிகாரிக்குச் சொல்வது இரண்டாவது. என்னைக் கேட்டால் முதலாவதுதான் ஒவ்வொருவர் கையிலும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர் வேண்டாம். 1986 வாக்கில் பிரஸ் மெஷினில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. விபத்து அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப வேண்டியவன் நான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். கைக்குக் குறுக்கே இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு ஒரு வாரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். அது இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று கழற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பையன் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "நீங்களே பாத்தீங்களே சார்" என்று மட்டும் சொன்னான். நான் வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பாட்டி போய் அப்போது பன்னிரண்டு வருஷம். 'அவருக்குக் காது நல்லாக் கேக்கும்' என்ற வாக்கியம் அந்தப் படிவத்தை நிரப்பும்போது என் நினைவுக்கு வரவே இல்லை. என் தாத்தாவைப் பற்றி அந்த வரியை எழுதியவரும் என்னைப் போல ஒரு சாதாரண ஆளாகத்தான் இருந்திருப்பார். சம்பளத்துக்கு வேலை பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார். கெட்டவர் வேண்டியதில்லை. அந்தக் கட்டம் அப்படி அமைந்திருந்தால் போதும்.

எங்கள் பாதை சாமானியமானதில்லை. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, தென்னிந்தியாவிலேயே முதலில் ஓடிய ரயில் இந்த வழியாகத்தான் போனது. அன்றிலிருந்து யாரோ ஒருவர் தினமும் இதன் மேல் நடந்துகொண்டே இருக்கிறார். பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஐந்து ரயில்வே தொழிலாளர்களுக்கு வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். போராடிச் செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதுதான். வேலை பார்த்துச் செத்தவர்களுக்கும் ஏதாவது செய்யலாமே? அந்தந்தப் பகுதியில் பணியில் உயிர்விட்டவர்களின் பெயரும் தேதியும் எழுதிய ஒரு பலகையை ஸ்டேஷனில் வைத்தால் என்ன? காரணம் எழுத வேண்டாம். பெயர் போதும்.

இன்னொன்று, விபத்து விசாரணைப் படிவங்கள். ரயில்வேயானாலும் தொழிற்சாலையானாலும், 'யார் தவறு' என்ற கட்டத்துக்கு முன்னால் நான்கு கேள்விகள் இருக்க வேண்டும். எத்தனை பேர் தேவை, எத்தனை பேர் இருந்தார்கள்? எச்சரிக்க ஆள் இருந்தாரா? கருவி வேலை செய்ததா? அன்று அவர் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்? இந்த நான்குக்கும் பதில் எழுதாமல் ஐந்தாவது கட்டத்துக்குப் போகக் கூடாது. இது பெரிய புரட்சி எதுவுமில்லை. நான் நிரப்பிய படிவத்தில் இந்தக் கேள்விகள் இருந்திருந்தால் தடுப்பு கழற்றி வைக்கப்பட்டதை எழுதாமல் தப்பித்திருக்க முடியாது.

அந்தக் கீமேனிடம் என் தாத்தாவின் கதையை நேற்றுதான் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க தாத்தாவுக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கும் சார். கூட்ஸ் பக்கத்துல போனா எந்தக் காதுக்கும் கேக்காது" என்றார்.

பாட்டிக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.